எந்த ஆய்த்து?

ஓசூருக்குப் பிழைக்க வருகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ளும் கன்னட வார்த்தை ‘ஆய்த்து’. யாரும் சொல்லித்தர வேண்டாம், சளி மாதிரி தானாக ஒட்டிக்கொள்ளும். காய்கறிக்காரரிடம் அரைக் கிலோ தக்காளி கேட்டால் ‘ஆய்த்து’ என்பார். ஆட்டோக்காரரிடம் மூக்கண்டப்பள்ளி போகணும் என்றால் ‘ஆய்த்து, உக்காருங்க’ என்பார். வீட்டில் தமிழோ தெலுங்கோ கன்னடமோ எது பேசினாலும், வாசலைத் தாண்டிவிட்டால் எல்லோர் வாயிலும் ஆய்த்துதான். நான் போச்சம்பள்ளிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், ‘என்ன இந்த ஊரில் எல்லாரும் எதற்கெடுத்தாலும் ஆய்த்து ஆய்த்து என்கிறார்கள்’ என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில், ‘ஆய்த்து, விடு’.

அந்த வார்த்தையால் எங்கள் வார்டில் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டாம் மாடி வார்டுக்கு இன்சார்ஜ். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரே சொல்லும், நானும் மறுத்ததில்லை. நோயாளிகளிடம் கோபப்பட மாட்டேன், மற்ற எல்லோரிடமும் படுவேன். ஆனாலும் இந்த வேலை எனக்குப் பிடிக்கும். காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் வரும் டெட்டாலும் இட்லி சாம்பாரும் கலந்த வாசனைகூடப் பிடிக்கும். பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். தப்பு நடந்தால் எங்கள் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கப்படும் கேள்வி, ‘யாரு?’ என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதெல்லாம் அப்புறம். பல சமயம் அந்த அப்புறம் வரவே வராது.

கொஞ்ச நாளைக்கு முன்பு ஒரு சமாச்சாரம் நடந்தது. டியூட்டி டாக்டர் போனில் மருந்தளவு சொன்னார். அவர் சொன்னது ஃபிஃப்டீன், நர்ஸ் காதில் விழுந்தது ஃபிஃப்டி. மருந்துக்கடையில் இருந்தவர் சந்தேகப்பட்டுத் திருப்பிக் கேட்டதால் நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. சொன்னவர் ஒருவர், கேட்டவள் ஒருத்தி, மெமோ மட்டும் கேட்டவளுக்கு. அவள் ஒரு வார்த்தை பேசாமல் பெங்களூரில் வேறு ஆஸ்பத்திரி பார்த்துக்கொண்டு போய்விட்டாள். கை நடுங்காமல் ஊசி போடும் நல்ல நர்ஸ். எனக்கு வயிறு எரிந்தது. அதற்குப் பிறகு வார்டில் எல்லோரும் தெளிவாகிவிட்டார்கள். தவளை தன் வாயால் கெடும், நாம் ஏன் கெட வேண்டும்? சின்னச் சின்னப் பிசகு நடந்தால் அவரவரே சரிசெய்துகொண்டு வாயை மூடிக்கொள்வது என்று ஆயிற்று.

அப்புறம் கோயமுத்தூரிலிருந்து புது மேட்ரன் வந்தார். வந்த சூட்டோடு லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்: ‘தவறு நடந்தால் சொல்லுங்கள். சொன்னதற்காகத் தண்டனை கிடையாது.’ கீழே சிரிக்கிற ஒரு நர்ஸின் படம். “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுங்க மேடம்,” என்று அவர் முகத்துக்கு நேரேயே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “உதவுதா இல்லையான்னு ஒரு நாளைக்குப் பொரிச்சுப் பார்த்துடலாமுங்க,” என்றார். அந்த நாள் சீக்கிரமே வந்தது.

ஒரு மதியம், சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வரும் நேரம். ஆறாம் பெட்டில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் இருந்தார். சர்க்கரை முற்றி, காலில் புண் ஆறாமல், ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தார். ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் அவருக்கு இன்சுலின். அதோடு ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் இன்னோர் ஊசி, கிருமிக்கு இன்னொன்று. பாய் கணக்கு வைத்துக்கொள்வதை விட்டுவிட்டார். யார் ஊசியோடு வந்தாலும் சட்டையைத் தூக்கிக் காட்டுவார், பேச்சை மட்டும் நிறுத்த மாட்டார். எந்தக் கம்பெனி எந்த மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டது, அதை ஏலம் எடுக்க யார் யாரோடு சண்டை போட்டார் என்று ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்துப் பெட்டுக்காரர் தூங்கினாலும் கதை நிற்காது.

அன்றைக்கு டியூட்டியில் இரண்டு பெண்கள். ஒருத்தி சானமாவுக் காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவள், வீட்டில் கன்னடம். எங்களோடு தமிழ்தான் பேசுவாள், அவசரம் வந்தால் கன்னடம் தானாக வந்துவிடும். இன்னொருத்தி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வார்டில் அவளை நெல்லைக்காரி என்றே கூப்பிடுவோம்.

கன்னடத்துப் பெண் பாய்க்கு இன்சுலினைப் போட்டுவிட்டு, சார்ட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்துக் கீழே எமர்ஜென்சியிலிருந்து போன். பிரஸ் மெஷினில் விரல் மாட்டிய ஒருவரைக் கம்பெனி வண்டியில் கொண்டுவந்திருக்கிறார்கள், உடனே ஒரு ஸ்டாஃப் வேண்டும். சார்ட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். கதவருகே எதிரே வந்த நெல்லைக்காரி, “யக்கா, ஆறாம் பெட்டுக்கு இன்சுலின் போட்ருங்க, சாப்பாடு வந்துட்டு,” என்றிருக்கிறாள். இவள் படியிறங்கிக்கொண்டே, “ஆய்த்து, ஆய்த்து,” என்று குரல் கொடுத்திருக்கிறாள்.

கன்னடத்தில் அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். ‘சரி’ என்றும் சொல்லலாம், ‘முடிந்துவிட்டது’ என்றும் சொல்லலாம். கன்னடத்துப் பெண் சொன்னது ‘போட்டாயிற்று’. நெல்லைக்காரியோ கடையிலும் ஆட்டோவிலும் கேட்டுக் கேட்டு அதற்கு ‘சரி’ என்ற ஒரே அர்த்தத்தைத்தான் கற்றிருந்தாள். திரும்பிப் பார்த்தால், சரி என்று சொன்னவள் கீழே போய்விட்டாள். சார்ட்டில் கையெழுத்து இல்லை. பாய் தட்டைத் திறந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டார். பாவம், நல்லெண்ணத்தில் அவசர அவசரமாக அவளும் இன்சுலினை ஏற்றிப் போட்டுவிட்டுக் கையெழுத்தும் போட்டாள். பாய் கதையை நிறுத்தாமல் சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

கன்னடத்துப் பெண் மேலே திரும்பி வந்ததும், விட்டுப்போன கையெழுத்தைப் போட சார்ட்டை எடுத்தாள். அவள் கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் இன்னொருத்தி கையெழுத்து. அங்கேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. நினைத்தால் அப்படியே சார்ட்டை மூடி வைத்திருக்கலாம். பாய்க்கு மயக்கம் வந்தால், ‘சரியாச் சாப்பிடலை’ என்று பாய் தலையிலேயே பழியைப் போட்டுவிடலாம், கேட்க ஆள் இல்லை. அவள் நேராக என் மேஜைக்கு வந்தாள். உதடு வெளுத்திருந்தது.

“அக்கா, ஆறாம் பெட்டுக்கு நானும் போட்டுட்டன், அவளும் போட்டுட்டா.”

எனக்குக் கோபம் வரவில்லை, அதற்கு நேரமில்லை. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். குளுக்கோஸைத் தயாராகத் தொங்கவிட்டோம். விரல் நுனியில் குத்தி சர்க்கரை பார்த்துக்கொண்டே இருந்தோம். முதலில் நன்றாக இருந்தது, பிறகு மளமளவென்று இறங்கியது. பாய் ஒரு கதையின் நடுவில் நின்றார். நெற்றியில் வேர்வை, கையில் நடுக்கம். அவ்வளவு நாளில் அவர் பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன், எனக்கு அதுவே பெரிய பயமாக இருந்தது. நாங்கள் பக்கத்திலேயே தயாராக நின்றதால் குளுக்கோஸ் உடனே ஏறியது. கொஞ்ச நேரத்தில், “எங்க விட்டன்?” என்று கேட்டார். “ஏலத்துல விட்டீங்க பாய்,” என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்து அவரிடமும் அவர் மனைவியிடமும் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்த டியூட்டி டாக்டர்தான் முன்பு ஃபிஃப்டீன் சொன்னவர். இவர் நழுவிவிடுவார் என்று எண்ணியிருந்தேன். “வாங்க சிஸ்டர், சேர்ந்தே போய்ச் சொல்லிடலாம்,” என்று அவரே முன்னால் நடந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டதும் பாயின் மனைவி எழுந்து நின்றுவிட்டார். “எங்க வீட்டு மனுசன் உயிரு உங்களுக்கு விளையாட்டா? அந்த ரெண்டு பொண்ணுங்களும் இனிமே இந்தப் பக்கமே வரக் கூடாது,” என்றார். யாராவது ஒன்று சொன்னால் இரண்டு சொல்கிற நான் வாய் திறக்கவில்லை. அவர் கேட்டதில் தப்பே இல்லை. பாய்தான் படுத்தபடியே மெல்ல, “நீயே சொல்லு, இவங்களாத்தான வந்து சொல்றாங்க? எங் கடையில எடை தப்பாப் போச்சுன்னா நானே சொல்ல மாட்டேன்,” என்றார். அந்த அம்மா அவரை முறைத்த முறைப்பில் பாய் இரண்டாம் தடவையாகப் பேச்சை நிறுத்தினார்.

டியூட்டி முடிந்து கை கழுவுகிற இடத்தில் கன்னடத்துப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நான் சொல்லாம இருந்திருக்கணுமா? என் வேலை போயிடுமா?” அவளுடைய அப்பா தோட்டக்காரர். பெண்ணை டவுனில் ஹாஸ்டலில் விட்டு வேலைக்கு அனுப்புவதில் வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. ஒரு சின்னப் பேச்சு வந்தாலும் ஊருக்குக் கூட்டிப்போய்க் கல்யாணத்தை முடித்துவிடுவது என்ற ஒப்பந்தத்தின் பேரில்தான் அனுப்பியிருந்தார்கள். இந்த வேலை போனால் அவளுக்கு வேறு வேலை கிடையாது, வீடுதான். ‘போகாது’ என்று சொல்ல என் வாய் துடித்தது. ஆனால் தெரியாததை எப்படிச் சொல்வது? “மூஞ்சியைக் கழுவிட்டுப் போய்ச் சாப்பிடு,” என்று மட்டும் சொன்னேன். அன்று ராத்திரி அவள் அழுதுகொண்டே அப்பாவுக்குப் போன் செய்துவிட்டாள் என்று மறுநாள்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் வண்டி செய்கிற கம்பெனியில் லைனில் நிற்பவர். “எங்க லைன்ல தலைக்கு மேல ஒரு கயிறு ஓடும். தப்புன்னு தெரிஞ்சா யாரு வேணா இழுக்கலாம், லைனே நின்னுடும். இழுத்தவனை யாரும் திட்டக் கூடாதுன்னு ரூல்,” என்றார்.

“நிஜமாவே திட்ட மாட்டாங்களா?”

“திட்ட மாட்டாங்க. இழுத்தவன் மூஞ்சியை சூப்பர்வைசர் நல்லாப் பார்த்து வெச்சுக்குவாரு.”

இந்த மனுஷனிடம் ஆறுதல் தேடியதற்கு என்னைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் மதியத்துக்கு மேல் பெரிய டாக்டர் அறையில் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர் அவர்தான். வீட்டில் தெலுங்கு, நோயாளிகளிடம் மூன்று பாஷையும் தண்ணீர்பட்ட பாடு. கெட்டவர் இல்லை, ஆனால் முன்கோபி. இந்த விஷயத்தில் நானும் அவரும் ஒரே ஜாதகம். மேட்ரன், டியூட்டி டாக்டர், நான், சுவரோடு ஒட்டிக்கொண்டு அந்த இரண்டு பெண்கள். உட்கார்ந்ததும் பெரிய டாக்டர் கேட்டார்:

“யாரு?”

அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சார், போன தடவையும் இதையேதான் கேட்டீங்க. போன்ல டோஸ் தப்பாப் போனப்ப, கேட்டவளுக்கு மெமோ குடுத்தீங்க, சொன்னவருக்கு ஒண்ணுமில்ல. ஆளுக்கொரு நியாயம்னா அப்புறம் எவ வந்து உண்மையைச் சொல்லுவா? இந்தப் பொண்ணு சொல்லலைன்னா நேத்து பாய் பொழைச்சிருப்பாரான்னு யோசிங்க,” என்று மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பது உறைத்தது.

டியூட்டி டாக்டர் முகம் சிவந்திருந்தது. “அது நான்தான் சார்,” என்றார். “அந்த சிஸ்டர் ஃபிஃப்டின்னு திருப்பிச் சொல்லிக் கேட்டாங்க. நான்தான் வேற பேஷன்ட்டைப் பார்த்துக்கிட்டே கவனிக்காம ஓகேன்னுட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேட்ரன் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு, நேற்று என்ன பேசிக்கொண்டீர்களோ அதை அப்படியே சொல்லுங்கள் என்று அந்தப் பெண்களிடம் கேட்டார்.

“நான் ஆய்த்துன்னு சொன்னன், மேடம்.”

“ஆய்த்துன்னா சரின்னுல்லா நெனச்சேன், மேடம்,” என்றாள் நெல்லைக்காரி.

“அதென்னம்மா, பாஷை மேல பழியைப் போடறீங்க? இந்த ஊர்ல ஆய்த்துக்கு அர்த்தம் தெரியாத ஆள் இருக்கா?” என்று பெரிய டாக்டர் ஆரம்பிக்கும்போதே அவருடைய போன் அடித்தது. எடுத்தார். கேட்டார். “ஆய்த்து... ஹாங், ஆய்த்து ஆய்த்து,” என்று வைத்தார்.

மேட்ரன் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: “எந்த ஆய்த்துங்க டாக்டர்? முடிஞ்சதுங்களா, இல்ல சரிங்களா?”

பெரிய டாக்டர் போனைப் பார்த்தார். “ரெண்டும் இல்ல,” என்றார். “இப்ப போனை வைன்னு அர்த்தம்.”

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு டியூட்டி டாக்டர். நான் அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பெண்கள் இருவர் மட்டும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரிய டாக்டர் அவர்களைப் பார்த்து, “மெமோ கிடையாது. ரெண்டு பேரும் வேலையைப் பாருங்க,” என்றார். பிறகு மேட்ரன் பக்கம் திரும்பி, அவராகவே கேட்டார்: “என்ன நடந்துச்சுன்னு முதல்லேருந்து சொல்லுங்க.” எத்தனையோ காலமாக அவர் வாயிலிருந்து வராதா என்று நான் ஏங்கிய கேள்வி. அறையை விட்டு வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை.

இப்போது எங்கள் வார்டில் மருந்து விஷயத்தில் ஆய்த்து என்ற வார்த்தைக்குத் தடை. ‘போட்டுட்டேன்’ அல்லது ‘போடப் போறேன்’ என்று முழுசாகச் சொல்ல வேண்டும். ஊசி போட்ட இடத்திலேயே கையெழுத்துப் போடாமல் நகரக் கூடாது. மருந்து நேரத்தில் எமர்ஜென்சிக்கு எங்கள் வார்டிலிருந்து ஆளைப் பிடுங்க மாட்டார்கள். யாராவது மறந்துபோய் ஆய்த்து என்றால், படுத்திருக்கிற நோயாளிகளே ‘எந்த ஆய்த்து?’ என்று கத்துகிறார்கள். பாய் ஆரம்பித்துவைத்த வழக்கம் அது. அவர் மனைவி ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போகிற அன்று என்னிடம் மட்டும், “அந்தப் புள்ளைங்ககிட்டயும் போயிட்டு வரேன்னு சொன்னதாச் சொல்லுங்க,” என்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்று புளுக மாட்டேன். தரை துடைக்கிற ஆயாக்கள் ஏதாவது உடைத்தால் இன்னமும் ‘யாரு?’தான். அதற்கும் ஒரு நாள் என் வாய் நீளும். ஆனாலும் முன்பெல்லாம் பிசகை மறைக்க என் மேஜையைச் சுற்றிப் போனவர்கள், இப்போது நேராக வந்து நிற்கிறார்கள். அதில் எனக்கு நிறைவு உண்டு.

ஆனால் அந்தக் கூட்டம் நடந்த அன்று சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும். நானும் கன்னடத்துப் பெண்ணும் கீழே இறங்கி வந்தபோது, அவளுடைய அப்பா வரவேற்பில் உட்கார்ந்திருந்தார். போனில் மகள் அழுததைக் கேட்டுவிட்டு, அவளைக் கையோடு கூட்டிப்போகவே வந்திருந்தார். வெளியே பைக்கின் பின்பக்கம் அவளுடைய ஹாஸ்டல் பெட்டியைக் கட்டக் கயிறு சுற்றி வைத்திருந்தார். யானை ரோட்டுக்கு இறங்குவதற்குள் காட்டைத் தாண்ட வேண்டும் என்கிற அவசரம் அவருக்கு. மேலே என்ன நடந்தது என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, பெண்ணிடம் அவர்கள் பாஷையில் கேட்டார்:

“கெல்சா ஆய்த்தா?”

வேலை முடிந்ததா என்று கேட்கிறார். அன்றைய வேலையைத்தான் கேட்டாரோ, ஒரேயடியாக முடிந்ததா என்று கேட்டாரோ, அவருக்குத்தான் தெரியும். அவள் அப்பாவைப் பார்த்தாள். முந்தின நாளிலிருந்து முதல் தடவையாக முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“ஆகில்லப்பா,” என்றாள். “இன்னும் முடியல. நாளைக்கும் டியூட்டி இருக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். பிறகு வெளியே போனார். பைக்கில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து, பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.